அரைப்பேர்

தலவாக்கலையில் கரன்ட் போனது ஏழு இருபதுக்கு.
கீழே அணைக்கட்டு நிறைந்துதான் கிடக்கிறது.
மடிக்கணினியில் நாற்பது நிமிட உயிர்.
என் விண்மீன் மண்டலங்கள் இங்கே இல்லை;
கடல் தாண்டி எங்கோ ஒரு நிலவறையில்
இரவும் பகலும் இரையும் இயந்திரங்கள்
அவற்றின் ஒத்திகையை நடத்துகின்றன.
நான் வெறும் சன்னல்.
என் சன்னலுக்கு வெளியே மூடுபனி
எதிர் மலையைத் தின்று முடித்திருந்தது.

மூன்று வாரமாக ஒரே பிழை.
வாயு விழுகிறது, திரள்கிறது, சுழன்று தட்டையாகிறது,
பிறகு ஒரேயடியாக எல்லாம் விண்மீன்.
பிரபஞ்சத்துக்கு முந்நூறு கோடி வயது ஆவதற்குள்
கையிருப்பு காலி.
மிச்சக் காலம் முழுக்க வெறும் செம்புள்ளிகள்,
சம்பளத்தன்றே கடைக் கடன் கட்டிவிட்ட வீடு மாதிரி.

மெழுகுவர்த்தி கேட்டு ஞானசுந்தரி வந்தாள்.
காலையில் கட்டிய படங்கு இன்னும் இடுப்பில்.
திரையை எட்டிப் பார்த்து,
"என்னடி இது, அட்டைக் கடியா?"

வாயு, என்றேன். குளிரணும்.
குளிர்ந்தால்தான் நெருங்கும்,
நெருங்கினால்தான் பற்றும்.

"குளிருக்கா நமக்குப் பஞ்சம்?
எவ்வளவு நெருங்கணும்?"

ஒரு சீனிக்கட்டி அளவு இடத்தில்
ஓர் அணுவில் பத்தில் ஒரு பங்கு.
அதற்கு மேல் என்றால் பகடை உருட்டுவோம்,
விண்மீன் ஆக்கலாமா என்று.
கீழே என்றால் கணக்கில்லை.

"கொஞ்சூண்டு குறைஞ்சா?"

கணக்கில்லை.

அவள் சிரித்தாள்.
அன்று அவளுக்கு ஒன்றரைக் கிலோ குறைவு. அரைப்பேர்.
ஈரத்துக்கென்று தராசடியில் கழித்தது இரண்டு கிலோ.

"அந்தக் கோட்டை யாரு போட்டது?"

வானம் போடவில்லை.
நிரலின் நூற்றுப் பதினெட்டாம் வரியில்,
சித்திரையில் ஒரு மத்தியானம்,
நான்.
ஒரு கட்டுரையிலிருந்து எடுத்தேன்.
அவர் இன்னொன்றிலிருந்து எடுத்திருந்தார்.

அதை அவளிடம் சொல்லவில்லை.
என் ஒரு துகள் பதினெட்டு லட்சம் சூரியன் எடை என்பதையும்,
அதற்குள் எது பிறந்தது எது வெடித்தது என்று
எனக்கே தெரியாது என்பதையும்.
எங்கள் லயத்துக்கு வரும் தபாலைப் போல:
தோட்டத்தின் பெயர் வரைக்கும்தான் முகவரி.

"நாளைக்குச் சீட்டு. ஆயிரம். மறந்துறாத,"
மெழுகுவர்த்தியோடு போய்விட்டாள்.

பதினோரு நிமிடம் மிச்சம் இருக்கையில் பிடிபட்டது.
சீட்டு.
வெடிக்கும் விண்மீன்களின் சூட்டை
உடனுக்குடன் சில்லறையாகப் பங்கிட்டிருக்கிறேன்.
அடர்ந்த வாயு அதை வாங்கிய கையோடு இழந்துவிட்டு
மறுபடி குளிர்ந்து, மறுபடி விழுந்து...
சேர்த்து வை.
ஒரே துகளுக்கு ஒரே தரமாகக் கொடு.
அப்போதாவது எழுந்து தள்ளும்.

எழுதினேன். அனுப்பினேன். திரை அணைந்தது.

காலையில் பிரட்டுக்குச் சங்கு ஊதியபோது
படங்கள் வந்திருந்தன.
நீலக் கைகள், சற்றே கோணல்.
நடுவிலிருந்து வாயு பீறிட்டுக் கிளம்பி,
பாதி தொலைந்து, பாதி திரும்பி விழுகிறது.
விண்மீன்கள் கொஞ்சம் கொஞ்சமாக, இன்றுவரைக்கும்.
நிறை இன்னும் கொஞ்சம் கூடுதல்தான்;
மேற்பார்வையாளர் கேட்பார்.

கோட்டை மாற்றவில்லை.
மாற்ற எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.
பக்கத்தில் ஒரு குறிப்பு மட்டும்:
இந்த எண்ணைப் போட்டது நான்.

பிறகு, கோட்டுக்குக் கீழே நின்றுபோன வாயுவை,
இதுவரை கறுப்பாகவே விட்டிருந்ததை,
சும்மா ஒரு சாம்பல் நிறம் கொடுத்துப் பார்த்தேன்.
திரை விளிம்புவரை அதுதான்.
மண்டலங்கள் அதனுள்ளே
அங்கொன்றும் இங்கொன்றுமாய், பொத்தான் அளவில்.

வெளியே மூடுபனிக்குள் கூடைகள் ஏறிக்கொண்டிருந்தன.
எது அவளுடையது என்று தெரியவில்லை.
சீட்டுக்கு ஆயிரம் எடுத்து வைக்க வேண்டும்.